ஒரே ஒரு சுருட்டைப் பிடித்துவிட்டு மதிப்பெண் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சுருட்டு மதிப்புரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆசையாக, இரண்டாம் முறை கொஞ்சம் எரிச்சலோடு. நிகராகுவா சுருட்டு ஒன்றுக்கு 93, டொமினிக்கன் சுருட்டு ஒன்றுக்கு 78 என்று மதிப்பெண் போட்டிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். 93 வாங்கியதைப் பற்றி எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. 78 வாங்கியதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்தச் சுருட்டு ஒரு பக்கமாகவே எரிந்ததாம், இரண்டு முறை அணைந்ததாம், கடைசிப் பகுதி வாய் கசக்க வைத்ததாம். சுருட்டு பிடித்துப் பழகியவர் எவரும் இதைக் கேட்டதும் முதலில் கேட்பது, "எவ்வளவு ஈரத்தில் வைத்திருந்தீர்கள்?" என்றுதான். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. எத்தனை சுருட்டு பிடித்துப் பார்த்தார் என்பதும் இல்லை. "வந்த பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தேன்" என்று தொடங்குகிறார், அதோடு சரி. ஆனால் போகிற போக்கில் ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார்: இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாராம். அது ரொபுஸ்டோ அளவுச் சுருட்டு. ஐந்து அங்குல நீளம், தடிமன் எண் 50. இந்த எண் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கைக் குறிக்கும் கணக்கு. 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் குறுக்களவு. அவ்வளவு தடித்த சுருட்டை நிதானமாகப் பிடித்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஓடும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்று பழகியவர்கள் சொல்வது அதற்காகத்தான்.

இப்போது கதை தானாகவே விளங்குகிறது. தூரத்திலிருந்து வந்து இறங்கிய பெட்டி. வழியில் ஈரம் ஏறியிருக்கும். சுருட்டு என்பது இலைதானே. காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், திரும்ப விடும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை இருந்தால் அது சௌகரியமாக இருக்கும். அதற்கு மேலே போனால் உப்பிக்கொள்ளும், உள்ளே புகை போகும் வழி அடைபடும். ஈரமான சுருட்டு அணையும். அணையாமல் இருக்க வேகமாக இழுப்போம். வேகமாக இழுத்தால் சூடாகும், சூடானால் கசக்கும். கட்டுரையாளர் எழுதிய குறைகள் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை. கயிற்றின் ஒரு முனை பெட்டியில் இருக்கிறது, மறுமுனை அவர் கையில் இருக்கிறது. சுருட்டைச் செய்தவர் இதில் எங்கே வந்தார்?

கடைசிப் பகுதி கசப்பது பற்றி இன்னொன்று. முன்பகுதியில் எரிந்த புகையெல்லாம் மிச்சமிருக்கும் இலை வழியாகத்தான் வாய்க்கு வருகிறது. எண்ணெயும் தாரும் ஈரமும் அங்கேயே படியும். எந்தச் சுருட்டும் கடைசியில் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். அப்போது இழுப்பதை நிறுத்திவிட்டு, சுருட்டுக்குள் மெல்ல ஊதி, தேங்கிய புகையை வெளியே தள்ளிவிட்டுச் சற்று ஆறவிட்டால் பாதிக் கசப்பு போய்விடும். அதற்கும் ஆறவில்லை என்றால் வைத்துவிட வேண்டியதுதான். விரல் சுடும் வரை பிடித்தே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டி வந்த அன்று மாலையே ஒன்றை எடுத்துப் பற்றவைத்தேன். ஈரச் சாக்கைக் கொளுத்தியது போல் இருந்தது. நோட்டில் "இனி வேண்டவே வேண்டாம்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். பெட்டி ஹியூமிடாரின் (சுருட்டை அளவான ஈரத்தில் வைத்திருக்கும் பேழை) அடித்தட்டில் ஐந்து மாதம் கிடந்தது. ஒரு நாள் நண்பர் வந்தபோது கொடுக்க வேறு எதுவும் இல்லை என்பதால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதை எடுத்து நீட்டினேன். நானும் ஒன்றைப் பற்றவைத்தேன். முதல் இழுப்பிலேயே மிளகு போல் ஒரு சுருக்கு. பாதியில் அது அடங்கி, பால் கலக்காத காபியின் மணம் வந்தது. நண்பர் சுருட்டின் பெயரைக் கேட்டார். நோட்டை அவரிடம் காட்டவில்லை. மூன்றாவது சுருட்டு முடியும் வரை எதையும் எழுதுவதில்லை என்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

(ஹியூமிடாரின் உள்ளே பதிக்கும் மரத்தை ஸ்பானிஷ் சீடர், அதாவது ஸ்பெயின் தேவதாரு என்கிறார்கள். அது ஸ்பெயினிலிருந்தும் வரவில்லை, தேவதாருவும் இல்லை. மஹோகனி குடும்பத்து மரம். பெயரை நம்பி எதையும் மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைச் சொல்லலாம்.)

மூன்று சுருட்டு என்பது பிடிவாதம் அல்ல. கையால் சுற்றுகிற பொருள் இது. உள்ளிலை, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டிலை, மேலே சுற்றும் மேலிலை என்று மூன்றையும் ஒரு மனிதர் மேசைமேல் வைத்து உருட்டுகிறார். ஒன்றில் ஓர் இலை முறுக்கிக்கொண்டால் அந்தச் சுருட்டில் புகை வராது. பக்கத்தில் இருக்கும் சுருட்டு அருமையாக இழுக்கும். உள்ளிலையிலும் வகை இருக்கிறது. செடியின் உச்சியில் வெயில் குடித்து வளர்வது லிகெரோ: தடித்தது, காரமானது, மெதுவாக எரிவது. நடுவில் இருப்பது செக்கோ, வாசனைக்கு. அடியில் இருப்பது வொலாடோ, நன்றாக எரிய. லிகெரோவை நட்டநடுவில் வைத்துச் சுற்ற வேண்டும். ஓரமாக ஒதுங்கிவிட்டால் அந்தப் பக்கம் எரியாமல் நிற்கும், சுருட்டு கோணலாக எரியும். ஆக, கட்டுரையாளர் சொன்ன கோணல் உண்மையிலேயே சுற்றியவரின் பிழையாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஒரு சுருட்டின் பிழையா, பெட்டி முழுவதும் அப்படித்தானா என்று ஒன்றை மட்டும் வைத்து எப்படிச் சொல்வது?

இதே இடத்தில் ஒரு திருத்தம். 93 வாங்கிய சுருட்டைப் பற்றி, "மேலிலை கறுத்திருப்பதால் காரம் அதிகம்" என்று எழுதியிருக்கிறார். பலரும் நம்புகிற தவறு. மதூரோ என்று சொல்லும் கறுத்த மேலிலை அப்படிக் கறுப்பதற்குக் காரணம், அதிகச் சூட்டில் அதிக நாள் நொதிக்க விடுவது. பெரும்பாலும் அதில் ஒரு லேசான தித்திப்புத்தான் தெரியும். காரத்தை முடிவு செய்வது உள்ளே எவ்வளவு லிகெரோ இருக்கிறது என்பது. வெளிர்ந்த மேலிலைக்குள் ஆளைத் தலைசுற்ற வைக்கும் சுருட்டும் உண்டு.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். சுருட்டுக்கு நூற்றுக்கு இத்தனை என்று போடும் வழக்கத்தைப் பரப்பியது 1992இல் தொடங்கிய ‘சிகார் அஃபிசியனாடோ’ இதழ். அங்கே சுவைப்பவர்களிடம் சுருட்டைக் கொடுக்கும் முன் பெயர்ப் பட்டையை உருவிவிட்டு, எண் போட்ட வெள்ளைப் பட்டையை மாட்டிவிடுவார்கள். எதைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல்தான் எண் போட வேண்டும். உங்கள் கட்டுரையாளரோ 93 வாங்கிய சுருட்டின் பட்டையில் இருக்கும் தங்க எழுத்தைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி எழுதியிருக்கிறார்! எண்ணை வாங்கிக்கொண்டு முறையை விட்டுவிட்டார். இன்னொரு சிக்கல்: அந்த அளவுகோலில் எழுபதுகள் என்றால் சராசரியிலிருந்து நல்லது வரை என்று பொருள். வாசகர் 78ஐப் பார்த்ததும் ‘தேறாது’ என்றுதான் படிப்பார். என்னைக் கேட்டால், 86க்கும் 87க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் நாக்கு எனக்கு இல்லை. "மறுபடி வாங்குவேன், வாங்க மாட்டேன், யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்" என்ற மூன்று படி எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

சுவைப் பட்டியலையும் சொல்லியாக வேண்டும். ஒரே சுருட்டில் பதினான்கு வாசனை எண்ணியிருக்கிறார். இருக்காது என்று சொல்ல நான் யார். நாக்குக்குத் தெரிவது ஐந்து சுவைதான், மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தால் அதுவரை காரம் என்று நினைத்தது மரவாசனையாகவும் பாதாமாகவும் பிரியும். அப்படிச் செய்தாரா என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைவிட, எது முதலில் வந்தது, எது எப்போது போனது என்று சொல்லியிருந்தால் பதினான்கில் நான்கு போதும். தொடக்கத்துக்கும் நடுவுக்கும் முடிவுக்கும் சுவை மாறுவதுதானே சுருட்டின் அழகு? அப்புறம், ‘கொட்டகைத் தன்மை’ என்று ஒன்று எழுதியிருக்கிறார். மாட்டுத்தொழுவ வாசனை என்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. ஆங்கிலத்தில் செரூட் என்ற சொல் நம் ‘சுருட்டு’ போய்ச் சேர்ந்ததால் வந்தது. பெயரையே கொடுத்த மொழியில் தொழுவம் என்று எழுத என்ன தயக்கம்?

கடைசியாக, விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு வரி. "புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே சிகரெட் போலப் பயமில்லை" என்று அச்சில் வந்திருக்கிறது. இது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது (நாம் பேசிக்கொண்டிருந்த காரம் அல்ல, வேதியியல் காரம்). அதனால் நிகோடின் வாயிலிருந்தே உடம்புக்குள் போகிறது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று புற்றுநோய்ப் பட்டியலும் இருக்கிறது. உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு 1923இல் வாயில் புற்று கண்டுபிடித்தார்கள். 1939இல் இறக்கும் வரை முப்பதுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். சுருட்டை மட்டும் அவர் விடவில்லை. நான் மாதத்துக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் பாதுகாப்பு என்று யாரிடமும் சொல்வதில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். 78ஐத் திருத்தாவிட்டாலும் பரவாயில்லை.

திருத்துவதாக இருந்தால், அதே பெட்டியை ஆறு வாரம் 65 சதவீத ஈரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பட்டையை உருவிவிட்டு வேறு யாராவது எடுத்துக் கொடுக்கட்டும். தொலைபேசியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்காரட்டும். அதன்பிறகும் 78தான் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்தச் சுருட்டில் என்னிடம் இரண்டு மிச்சம் இருக்கின்றன. ஒன்றை அவருக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வழியில் மறுபடி ஈரம் ஏறி, வந்த அன்றே பிரித்துவிட்டால்? என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்