மாடியில் நாடகம், கீழே கப்பல் பட்டறை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஐரோப்பிய நாடக அரங்குகள் பற்றி வந்த கட்டுரையில் குரோஷியாவுக்கு ஒரே ஒரு பத்திதான். அதுவும் 1895இல் பேரரசர் பிரான்ஸ் யோசப் திறந்துவைத்த ஜாக்ரெப் தேசிய அரங்கின் புகழுக்கே போய்விட்டது. ஊர்க்காரர்கள் கூடிப் போடும் நாடகங்களை, 'பழைய ஒழுக்கங்களைப் போதிக்கும் பொழுதுபோக்கு' என்று அரை வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். நாற்பது வருடம் அமெச்சூர் மேடையில் ஒட்டு மீசையோடு திரிந்தவன் நான். அந்த அரை வரி சுருக்கென்று தைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மகளோடு குரோஷியாவின் ஹ்வார் தீவுக்குப் போயிருந்தேன். ஸ்பிலிட் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் ஒரு மணி நேரம். கடற்கரைச் சதுக்கத்தில், வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் போர்க்கப்பல்களை இழுத்து வந்து பழுதுபார்த்த பெரிய கூடம் இருக்கிறது. நாடக அரங்கு அதன் மாடியில்தான். வாசலில் லத்தீனில் ஒரு கல்வெட்டு: 'அமைதியின் இரண்டாம் ஆண்டு, 1612'. மன்னன் பேரோ வள்ளல் பேரோ சொல்லித் தொடங்காமல் ஒரு சமாதானத்திலிருந்து ஆண்டை எண்ணுகிற கல்வெட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தச் சமாதானம் லேசில் வந்ததல்ல. 1510இல் மாத்தி இவானிச் தலைமையில் எளிய குடிகள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். வெனிஸ் அரசு அதை ஒடுக்கியது. பகையோ நூறாண்டு புகைந்தது. இரு தரப்புக்கும் ஒருவழியாக உடன்பாடு ஏற்பட்டதும் வெனிஸ் ஆளுநர் செமித்தெகோலோ கட்டியதுதான் இந்த அரங்கு. பிரபுவும் மீனவனும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து சிரிக்கலாம் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? இன்று காணும் மாடங்கள் 19ஆம் நூற்றாண்டில் சேர்த்தவை.

1960களில் தொடங்கிய ஹ்வார் மக்கள் நாடகக் குழுவில் நடிப்பவர்கள் ஊர்க்காரர்களே. தலைநகரின் ஏட்டு மொழியை விட்டுத் தீவின் வட்டார வழக்கில் பேசி நடிக்கிறார்கள். அந்தத் தீவில் பிறந்த ஹானிபால் லூசிச் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ரோபின்யா' நாடகத்தில், சிறைபிடிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த பெண்ணைக் காதலன் வணிகன் வேடத்தில் வந்து மீட்கிறான். இதே கதையின் நாட்டார் வடிவம் பாக் தீவில், கிறித்தவத் தவக்காலத்துக்கு முன் வரும் கார்னிவல் கொண்டாட்ட நாட்களில் நடிக்கப்படுகிறது. ஏட்டில் இருந்தது தெருவுக்கு இறங்கியதா, தெருவில் இருந்ததை லூசிச் எடுத்துக்கொண்டாரா என்ற வழக்கைப் பண்டிதர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

போதனையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1857இல் யோசிப் பிராய்டன்ரைஹ் எழுதிய 'கிரானிச்சாரி' போன்ற மக்கள் நாடகங்களில் கண்ணீரும் நல்லுபதேசமும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் கார்னிவல் முடிவில் கடலோர ஊர்களில் நடக்கும் 'பூஸ்ட்' விசாரணையைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் வைப்பார்? அந்த ஆண்டின் கெடுதல்களுக்கெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மைதான் குற்றவாளி. குற்றப்பத்திரிகை வாசித்து, தீர்ப்புச் சொல்லி, கொளுத்துகிறார்கள். பேர்தான் பொம்மைக்கு, வாசிக்கிற சாக்கில் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் கூட்டத்தின் நடுவே நின்று தங்கள் வண்டவாளங்களைக் கேட்டாக வேண்டும்.

இதை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் போனது கோடையில். கட்டுரையாளர் அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பிப்ரவரியில் போகட்டும்.

இப்படிக்கு,
பழைய நாடகக்காரன் ஒருவன்,
கும்பகோணம்