நடக்கிற கால் வேறு, ரைடு போகிற கால் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவில் கொடைக் காலம் வந்துவிட்டால் நம் பக்கத்து ஊர்களில் கபடிப் போட்டிக்குக் குறைவே இல்லை. எந்த ஊர் அணி கோப்பையைத் தட்டியது, பரிசுத் தொகை எவ்வளவு என்று உங்கள் இதழிலும் படத்தோடு செய்தி வருகிறது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருஷப் படத்தில் முன்வரிசையில் நின்ற பையன்கள் சிலரை இந்த வருஷப் படத்தில் காணோம். மூட்டு ஜவ்வு கிழிந்து ஆட்டத்தை விட்டவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். என்னிடம் படித்த ஒரு ரைடர், அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவன், நல்ல வேகக்காரன். ‘மேட்’ என்கிற விரிப்பில் நடந்த ஒரு போட்டியில் உள்ளே இறங்கியவனின் கணுக்காலை, எதிரணியில் ஓரத்தில் நின்று பிடிக்கிற கார்னர் ஆட்டக்காரர் பிடித்துவிட்டார். ஷூ விரிப்பைக் கவ்விக்கொண்டதால் பாதம் அங்கேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் நடுக்கோட்டைப் பார்த்துத் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று கேட்டதாம். கொஞ்ச நேரத்திலேயே மூட்டு வீங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்ததில் ஏசிஎல் என்கிற ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது.

கடன் வாங்கி ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். ஆபரேஷனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் அதற்குப் பிறகுதான். சில வாரம் காலை மடக்கி நீட்டுவது, தொடையில் கரண்ட் வைப்பது, சைக்கிள் மிதிப்பது. நொண்டாமல் நடக்க ஆரம்பித்ததும், ஆறு மாசம் கழித்து விளையாடலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவன் என்னிடம் வந்து, “நடக்கதுக்கு ஒண்ணும் செய்யல சார். உள்ள எறங்குனாத்தான் காலை நம்ப முடியல” என்றான். அப்படியும் பொங்கல் போட்டியில் ஆடப் போனான். அதே முழங்கால் மறுபடியும் போய்விட்டது.

ரைடு போகிறவன் முப்பது விநாடிக்குள், ஒரே மூச்சில் பாடிக்கொண்டு என்னென்ன செய்கிறான் என்று பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தள்ளியிருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைக்கிறான், மற்றக் கால் அந்தரத்தில் நிற்கிறது. ஒற்றைக் காலில் உடம்பைத் தாழ்த்தி இன்னொரு காலை நீட்டித் தொடுகிறான். சட்டென்று திரும்புகிறான். இரண்டு மூன்று பேர் மேலே விழுந்த பிறகும் அத்தனை பாரத்தையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொடப் பார்க்கிறான். வீட்டுப் படி ஏறி இறங்கத் தயாராகிவிட்ட கால் இதற்கெல்லாம் தயார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக வைக்கிற புது ஜவ்வைப் பல நேரம் அதே பையனின் தொடைப் பின்பக்கத் தசைநாரிலிருந்துதான் எடுக்கிறார்கள். திரும்பி ஓடும்போது முழங்காலைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்திப் பாதுகாப்பதே அந்தப் பின்தொடைத் தசைதான். ஆபரேஷனுக்குப் பிறகு அது பலம் குறைந்து கிடக்கும். அதைத் தனியாகக் கவனித்துப் பலப்படுத்தாமல் முன்தொடையை மட்டும் தேற்றி அனுப்பினால் ரைடருக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு, விளையாட்டுப் பிசியோதெரபி படித்த ஒரு பெண்ணிடம் பாளையங்கோட்டையில் அவனைக் காட்டினோம். அவர் சிகிச்சை கொடுத்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். தசை ஓரளவு தேறிய பிறகு, தரையில் சாக்பீஸால் கபடிக் கோடுகளையே போட்டுவிட்டார். முதலில் மெதுவாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அப்புறம் அவர் ‘இடம்’, ‘வலம்’ என்று சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அடுத்தது, இடுப்பில் ரப்பர் பட்டையைக் கட்டி ஒருவர் பின்னால் இழுக்க, அதை மீறிக் கோட்டைத் தொடுவது. அதுவும் சரியாக வந்த பிறகு, பாடிக்கொண்டே செய்யச் சொன்னார். மூச்சு முட்டும்போதுதான் கால் தவறாக விழும் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. இத்தனை வருஷம் மைதானத்தில் நான் பார்த்ததும் அதுதான். கடைசிக் கட்டத்தில் ஒரு கார்னர் ஆட்டக்காரரையே வரவழைத்து, முதலில் சொல்லிவிட்டும் பிறகு சொல்லாமலும் கணுக்காலைப் பிடிக்கச் சொன்னார். ஒற்றைக் காலில் தாவ வைத்து டேப்பால் அளந்தார். அடிபட்ட கால் நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது எட்ட வேண்டும் என்பது கணக்கு. தொடைப் பலத்துக்கும் அதே கணக்குதான்.

இது அவருடைய சொந்தக் கணக்கு இல்லை. நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் ஏசிஎல் ஆபரேஷன் ஆனவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இந்த மாதிரிச் சோதனைகளில் தேறாமல் ஆட வந்தவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு முழங்காலில் மறுபடி அடி. தேறிவிட்டு வந்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்குத்தான். இத்தனை வித்தியாசம் இருக்கும்போது வெறும் மாதக் கணக்கை மட்டும் சொல்லி ஒரு பையனை அனுப்புவது பெரிய அநியாயம்.

கபடிக்கு மட்டும் இல்லை. கோவில்பட்டி ஹாக்கிப் பிள்ளைகள் குனிந்தே ஓடுவதால் அடிமுதுகும் தொடை இடுக்கும் வலிக்கும். வளர்கிற வயதில் ஓய்வில்லாமல் வேகப்பந்து போடும் பையனுக்கு முதுகெலும்பிலேயே கீறல் விழும். ஈட்டி எறிபவருக்குத் தோளும் முழங்கையும். ஆட்டம் மாறினால் சிகிச்சையும் மாற வேண்டும். பிசியோதெரபியில் பட்டம் வாங்கிய பிறகு விளையாட்டுப் பிரிவை எடுத்து மேலே இரண்டு வருஷம் படிக்கிறார்கள் என்றால் சும்மா இல்லை.

அடிபட்ட அன்றைக்கு நாம் செய்வதையும் சொல்ல வேண்டும். வீங்கின மூட்டில் எண்ணெய் போட்டு உருவுகிறோம், சுடுதண்ணீர் ஊற்றுகிறோம், ஸ்ப்ரே அடித்து நீகேப் மாட்டி ‘ஒரு ரைடு மட்டும் போயிட்டு வாடே’ என்று உள்ளே தள்ளுகிறோம். முதல் இரண்டு மூன்று நாள் இவை எதுவுமே கூடாது. இறுக்கமாகக் கட்டுப்போட்டு, காலை உயர்த்தி வைத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும். விழாக் கமிட்டிக்காரர்கள் லைட்டுக்கும் மைக்செட்டுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை எடுத்து, போட்டி நடக்கும் இரவுகளில் ஒரு பிசியோதெரபிஸ்டை உட்கார வைக்கலாம். அவர் ‘இவன் ஆடக் கூடாது’ என்றால் அணி மேனேஜர் மறுபேச்சுப் பேசக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி எனக்கு இன்னும் கவலை. கால்பந்திலும் கூடைப்பந்திலும் இந்த ஜவ்வுக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளோ தொடையிலும் இடுப்பிலும் வலி என்றால் ஆண் ஆசிரியரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். வீட்டில் சொன்னால் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள் என்று அங்கேயும் சொல்வதில்லை. நடை மாறிய பிறகுதான் நமக்கே தெரிகிறது.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் வாங்கிய மணத்தி கணேசன் பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர். அவரைப் போல வர வேண்டும், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலை வாங்க வேண்டும் என்றுதான் இந்தப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள். முழங்கால் போனால் அந்த வேலையும் போகிறது. திசையன்விளைப் பக்கத்திலிருந்து வாரா வாரம் பஸ் ஏறிப் பாளைக்கு வந்து, ஒவ்வொரு தடவையும் பணம் கட்டி ஒன்பது மாதம் சிகிச்சை எடுக்கக் கூலி வேலை செய்கிற வீட்டால் முடியாது.

வழி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு அது எவ்வளவு உதவி என்று கண்ணால் பார்க்கிறோம். அதே மாதிரி விளையாட்டுப் பிரிவில் படித்த ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வாரத்தில் இரண்டு சாயங்காலம் பாளை அண்ணா விளையாட்டு மைதானத்திலும், மாதம் ஒரு தடவையாவது வள்ளியூர், அம்பாசமுத்திரம் பக்கங்களிலும் இலவசமாகப் பார்த்தால் போதும். மாவட்ட விளையாட்டு அலுவலரும் சுகாதாரத் துறையும் கலந்து பேசினால் நடக்கக் கூடியதுதான். உங்கள் நிருபர் இரண்டு தரப்பிடமும் இதைக் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை விளையாட்டுப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நாங்குநேரி.