கடலோரத்தில் சைலன்சருக்கு நாடா சுற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொலைதூரம் ஓட்டுகிற பெரிய பைக்குகளில் காலில் அடிக்கும் சூட்டைப் பற்றி உங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தொட்டதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் முதல் தீர்வாக, சைலன்சர் பெண்டு பைப்பில் (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) கண்ணாடி இழை நாடாவைச் சுற்றச் சொல்லியிருக்கிறீர்கள். கோவையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு அது ஓரளவு ஒத்துப்போகலாம். கடலூர், புதுச்சேரி என்று உப்புக்காற்றில் வண்டியை நிறுத்துகிறவர்கள் அதில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடா சூட்டைத் தடுக்காது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தடுக்கும். வெப்பத்தைப் பைப்புக்குள்ளேயே அடக்கிப் பின்பக்கம் தள்ளிவிடும். தொல்லை மழைக்காலத்தில்தான் ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நனைந்த நாடா தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ராத்திரி முழுக்கக் கடல்காற்றில் நிற்கும். உப்பும் ஈரமும் இரும்போடு ஒட்டியே கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு நண்பர் தன் வண்டியில் சுற்றியிருந்ததை அவிழ்த்தபோது பக்கத்தில் இருந்தேன். வெளியே பார்க்கப் பின்னல் கலையாமல் புதுசு போல இருந்தது. ஸ்டீல் டையை வெட்டிப் பிரித்ததும் துருப்பொடி கொட்டியது. பைப் வளைகிற இடத்தில், அடிப்பக்கம், ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் செதில் செதிலாகப் பெயர்ந்தது. ஸ்டெயின்லெஸ் பைப் கூடுதலாகத் தாங்கும்தான்; ஆனால் உப்பு அதிலும் புள்ளி புள்ளியாகக் குழி போட வல்லது. போதாக்குறைக்கு, என்ஜினிலிருந்து ஆயில் கசிந்து நாடாவில் ஊறினால் தீப்பிடிக்கவும் வழி இருக்கிறது.

சரி, அப்படியானால் என்ன செய்வது? முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் பெரும்பங்கு சக்கரத்துக்குப் போவதே இல்லை. சைலன்சர் வழியாகவும், ரேடியேட்டர், என்ஜின் உடம்பு வழியாகவும் சூடாகத்தான் வெளியேறுகிறது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இன்னொன்றும் கூடிக்கொண்டது. புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேண்டும். வண்டி கிளம்பிய உடனே அந்தச் சூட்டை எட்ட வேண்டும் என்பதற்காக அதை என்ஜினுக்குப் பக்கத்திலேயே வைக்கிறார்கள். பல வண்டிகளில் அது ஓட்டுகிறவரின் பாதத்தை ஒட்டியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே, புது வண்டி அதிகமாகச் சுடுகிறது என்று யாராவது சொன்னால் அவரை நம்பலாம்.

அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பைப் போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. லைசென்சும் மூன்று மாதத்துக்குப் போய்விடும். நம் வீட்டுப் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று என்பது தனிக் கணக்கு.

காலுக்குச் சூடு இரண்டு வழியில் வரும். ஒன்று, பைப்பிலிருந்து நேராகக் கதிராக வீசுவது. இன்னொன்று, ரேடியேட்டர் பக்கமிருந்து கிளம்பி வரும் அனல் காற்று. எது என்று தெரிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லாத சோதனை இருக்கிறது. வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, நியூட்ரலில் ஓடவிட்டு, நண்பர் ஒருவரை ஒரு தடித்த அட்டையைக் காலுக்கும் பைப்புக்கும் நடுவில் எதிலும் படாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சட்டென்று சூடு நின்றால் அது கதிர்ச்சூடு. அட்டையைச் சுற்றிக்கொண்டு அனல் வந்து தொட்டால் அது காற்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கதிர்ச்சூடு என்றால் தகடு போதும். அலுமினியத் தகட்டைப் பைப்பின் வளைவுக்குத் தகுந்தபடி வளைத்து, பைப்பில் ஒட்டாமல் ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி விட்டு, ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பால் பிடிக்க வேண்டும். நடுவில் ஸ்டீல் வாஷர்களை அடுக்கினால் இடைவெளி நிற்கும். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், அப்போதுதான் சூடான காற்று மேலே ஏறி, கீழிருந்து புதுக்காற்று நுழையும். இடைவெளி விடாமல் பைப்போடு ஒட்டிப் போட்டால் தகடும் சேர்ந்து சுடும், அவ்வளவுதான். கடலூரிலும் புதுச்சேரியிலும் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அரை மணி நேர வேலை. மழைத் தண்ணீர் நிற்காது, காற்றில் காய்ந்துவிடும், துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கட்டுரை இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தது. பைப்பின் மேல் சூடு தாங்கும் செராமிக் கோட்டிங் (பீங்கான் பூச்சு) போடுவதும் நல்ல வழிதான். ஈரத்தைப் பிடித்து வைக்காது. ஆனால் பைப்பைக் கழற்றி அனுப்ப வேண்டும், காசும் ஆகும்.

அப்புறம் கேஸ்கெட், அதாவது இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் வளையம். சிலிண்டர் ஹெட்டும் பெண்டு பைப்பும் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால் எரிந்த வாயு நேராகக் கணுக்கால் பக்கம் பீறிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டிக் டிக்" என்று சத்தம் கேட்கும், சூடானதும் குறையும். அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். மலிவான ஒரு கேஸ்கெட்டை மாற்றாமல் ஆயிரக்கணக்கில் சாமான் வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அனல் காற்று என்றால், அதற்கு நாம் வண்டியில் கட்டிவைத்திருக்கும் மூட்டை முடிச்சுகளும் ஒரு காரணம். லெக் கார்டில் கேன்வாஸ் உறை, இரண்டு பக்கமும் பெட்ரோல் கேன், அதற்கு மேல் ஒரு பை. ரேடியேட்டருக்கு வரும் காற்றும் அடைபடும், வெளியே போகும் அனலும் காலை நோக்கித் திரும்பும். மழைக்குப் போட்ட உறையைத் தை பிறந்ததும் கழற்ற மறந்துவிடுகிறோம். ரேடியேட்டர் செதில்களில் சேறும் பூச்சியும் அடைந்திருந்தால் மெல்லிய தண்ணீர் வீச்சில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷ் அடித்தால் செதில் மடங்கிப்போகும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் என்ற குளிர்விப்புத் திரவத்துக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. நம் ஊர்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். வண்டி சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

நெடுஞ்சாலையில் ஓடும்போது சூடு பெரிய விஷயமே இல்லை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வதைப்பது ஊருக்குள். புதுச்சேரி கடலூர் ரோட்டில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரத்தில் நின்று பாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். 2024 கோடையில் புதுச்சேரி சிக்னல்களில் பொதுப்பணித் துறை பச்சை வலைப் பந்தல் போட்டது நாடு முழுக்கப் பேசப்பட்டது. நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் பெரிய பைக்கில் நிற்பவனுக்கு மேலே பந்தல், கீழே அடுப்பு. கேட் மூடியதும் என்ஜினை அணைத்துவிடுவதைவிடச் சிறந்த மருந்து கிடையாது. இதைச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் ஹார்லி டேவிட்சனின் பெரிய வண்டிகளில், நிற்கும்போது என்ஜின் ரொம்பச் சூடானால் பின் சிலிண்டர் எரிவதைத் தானாகவே நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கிறது. கம்பெனிக்காரனே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறான் என்றால் நாம் கையால் செய்வதில் என்ன வெட்கம்?

பின்னால் உட்காருகிறவர்களைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத கெண்டைக்கால் நம் வீடுகளில் குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும்தான் சுடும், ஆகவே சைலன்சர் இல்லாத பக்கமாக ஏறி இறங்கச் சொல்லிப் பழக்குங்கள். ஜெர்க்கின் துணி, நைலான் பேன்ட் பைப்பில் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஜீன்ஸ் நல்லது, கெண்டைக்கால் உள்பக்கம் தோல் பட்டை வைத்த ரைடிங் பேன்ட் இன்னும் நல்லது. வண்டியின் பக்கவாட்டில் தொங்கும் சேடில் பேக்கின் மழை உறை சைலன்சரில் தொங்காமல் வாரால் இழுத்துக் கட்டுங்கள். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். கொப்பளம் பெரிதாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புது வண்டி வந்தால் மைலேஜ், வேகம், பிரேக் எல்லாம் சோதித்து எழுதுகிறீர்கள். மலைப்பாதையில் குளிர்ந்த காலை நேரத்தில் ஓட்டிவிட்டு, "சூடு தெரியவில்லை" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறீர்கள். அடுத்த தடவை சித்திரை மாத மதியம், கத்திரி வெயிலில், முருங்கப்பாக்கத்திலிருந்து ராஜீவ் காந்தி சதுக்கம் வரைக்கும் நெரிசலில் ஓட்டி, எந்தக் காலில், எந்த இடத்தில், எவ்வளவு நேரத்தில் சூடு ஏறியது என்று எழுதுங்கள். பின் சீட்டிலும் ஒருவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதுங்கள். வண்டி வாங்கும் முன் எங்களுக்குத் தெரிய வேண்டியது அது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.