பெண் பிள்ளைகளின் வயல் பள்ளி: 2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்துக்கான ஆண்டறிக்கையைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. நவம்பரில் மட்டும் மழையால் கூட முடியவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நூலகம், சுதந்திர தின விழா, ஊரணிக் கரையில் பனை விதை ஊன்றியது ஆகியவை வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி, பெண் பிள்ளைகளுக்கு வயலையே பாடமாக்கும் வயல் பள்ளிக்கே சென்றது. ஆகவே அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே இருக்கும்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட நம் ஊர்களின் விவசாயம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஆவணி, புரட்டாசியிலேயே புழுதியில் நெல்லை விதைத்துவிடுகிறோம். தையில் அறுப்பு. மிளகாய்ப் பழம் எடுப்பு மாசியில் தொடங்கிச் சித்திரை தாண்டியும் நீள்கிறது. பொதுத்தேர்வு வருவதும் அதே மார்ச், ஏப்ரலில்தான். பழம் எடுக்க ஆள் கிடைக்காத வீட்டில் முதலில் யாருடைய புத்தகப் பை ஆணியில் தொங்கும்? மகனுடையது தொங்கி நான் பார்த்ததில்லை. நானே எட்டாம் வகுப்பில் ஒரு மாசி மாதம் பழம் எடுக்கப் போனவள். பள்ளிக்குத் திரும்ப ஓராண்டு ஆனது. என்னோடு வந்த தோழிகள் பலர் திரும்பவே இல்லை. கடற்கரைத் தெருவிலும் இதே கதைதான். அம்மா கடலுக்குப் பாசி எடுக்கப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டில் நிற்கிறாள்.

வயல் பிள்ளையை இழுக்கிறது என்றால் அந்த வயலையே பாடமாக்கினால் என்ன என்று 2024 ஜூன் பொதுக்குழுவில் நாங்கள் கேட்டோம். சனிக்கிழமைகளிலும், மற்ற நாட்களில் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரமும் வகுப்பு. கண்மாய்க் கரையில் குத்தகைக்கு எடுத்த நிலமே வகுப்பறை. இதுதான் முன்மொழிவு.

அந்தக் கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பை இந்த அறிக்கையில் பதிவு செய்வது என் கடமை. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, 1953-இல் இந்த மாநிலத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததையும், அதைக் குலக்கல்வி என்று சொல்லி மக்கள் எதிர்த்ததையும், 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டதையும் நினைவூட்டினார். "உழுதவன் பிள்ளை உழுதுகொண்டே இருக்கட்டும் என்பதைத்தானே நீங்களும் வேறு வார்த்தையில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு தாயாரின் கேள்வி இன்னும் கூர்மையாக இருந்தது: "களை எடுக்க என் காட்டிலேயே வேலை இருக்கிறது. அதற்கு எதற்குப் பள்ளிக்கூடம்?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வயல் பள்ளி என்ற பெயரில் கூலியில்லாத வேலைக்காரிகளை உருவாக்கிவிடுவது மிக எளிது. மறு கூட்டத்தில் அந்த மூத்த உறுப்பினரையே தலைமை தாங்கச் சொல்லி விதிகளை எழுதினோம். நோட்டில் எழுதப்படாத பாடத்துக்கு வயலில் வேலை கிடையாது. பள்ளி நேரத்தில் எந்த மாணவியும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. உழவு, அறுப்பு, சுமை தூக்குதல் எல்லாம் கூலிக்கு ஆள் வைத்தே நடக்க வேண்டும். விளைந்ததை விற்ற பணம் மாணவிகளின் பெயரிலேயே அஞ்சலகக் கணக்குக்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வகுப்பு எவளையும் விவசாயத்தோடு கட்டிப் போடக் கூடாது. அவள் நர்ஸ் ஆக விரும்பினாலும் மாலுமி ஆக விரும்பினாலும் இங்கே படித்த கணக்கும் அறிவியலும் அவளுக்குக் கைகொடுக்க வேண்டும். இந்த விதிகள் இப்போது வயல் கொட்டகையில் எழுதி மாட்டப்பட்டிருக்கின்றன.

பாடங்கள் எப்படி நடந்தன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். முதல் பாடம் மழை. கொட்டகை அருகே ஒரு மழைமானி வைத்தோம். ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40 லிட்டர் தண்ணீர். இதை மாணவிகளே அளந்து, பெருக்கிக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஓடு வேய்ந்த வீடு, பள்ளிக் கட்டடம், பள்ளிவாசல் முற்றம், மாதா கோயில் முற்றம் என்று கண்ணில் பட்ட பரப்பையெல்லாம் அளந்து, ஒவ்வொன்றும் எத்தனை குடம் மழையைக் கடலுக்கு விடுகிறது என்று கணக்குப் போட்டார்கள். பின்னப் பெருக்கலில் திணறிக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் அதைக் கடந்துவிட்டார்கள்.

அடுத்தது விதை. சித்திரைக்கார், குழியடிச்சான் ஆகிய இரண்டு பழைய நெல் ரகங்களையும், பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 2009-இல் மானாவாரிக்கென வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 ரகத்தையும் அருகருகே விதைக்கத் திட்டமிட்டோம். உப்புக் கரைசலில் புது முட்டையை மிதக்கவிட்டு, அதன் தலை ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிந்ததும் விதையைக் கொட்டினோம். மிதந்த பதரை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இருமுறை கழுவினோம். அடர்த்தி என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்த ஆய்வகமும் கற்பித்துவிடாது. நூறு விதையை ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்பு பார்த்தார்கள். சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 விழுக்காடு முளைப்பு வேண்டும். எங்கள் வீட்டுக் குதிரிலிருந்து நான் கொடுத்த விதை அதை எட்டவில்லை என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடமே வந்து சொன்னாள். அந்த விதையை ஒதுக்கினோம். வறட்சியைத் தாங்கப் பொட்டாசியம் குளோரைடு ஒரு விழுக்காட்டுக் கரைசலில், அதாவது லிட்டருக்கு 10 கிராம் வீதம், 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினோம். விழுக்காடு என்றால் என்னவென்று அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2024 நவம்பர் 20 அன்று பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 41 சென்டிமீட்டர் பதிவானது. நம் மாவட்டத்துக்கு ஓராண்டில் கிடைக்கும் சராசரி மழையில் ஏறத்தாழ பாதி அது. நம் ஊரில் அந்த அளவு இல்லை என்றாலும் மிளகாய்ப் பாத்தி முழுவதும் தண்ணீரில் நின்றது. சமதளமாகப் போட்ட பாத்தியில் நாற்று அழுகியது. மாணவிகள் சோதனைக்காக மேட்டில் நட்ட இரண்டு வரிசை மட்டும் பிழைத்தது. ராமேஸ்வரத்து மழையை ஒரு சென்டுக்குக் கணக்கிட்டால் 16,000 லிட்டருக்கும் மேல் என்று மறுநாள் கரும்பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்.

அதன் பின் நடந்தது செயற்குழுவின் தவறு. அழுகிய இடத்தில் மறுநடவு செய்துவிட்டு, மழை ஓய்ந்ததும் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்ச முடிவெடுத்தோம். அந்தக் கிணற்று நீரை ஜூலையிலேயே அளவுமானி வைத்துச் சோதித்து, "உவர் அதிகம், மிளகாய்க்கு ஆகாது" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டில் எழுதியிருந்தாள். நாங்கள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. மிளகாய் உப்புக்கு மிகவும் கூச்சப்படும் பயிர். மண்ணில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.5 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். பருத்தி ஏழரை வரை தாங்கும். இலை ஓரம் கருகிச் செடிகள் வாடிய பிறகுதான் அவளை அழைத்துக் கேட்டோம். இனி வயலில் எந்தத் தண்ணீரைப் பாய்ச்சுவது என்பதை மாணவிகளின் பதிவேட்டைப் பார்த்த பிறகே செயற்குழு முடிவு செய்யும் என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம். நம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமைக்குரிய பயிரை நம் கையாலேயே உப்பில் வாட்டியது எனக்கு இன்னும் மனவருத்தம் தருகிறது. பிழைத்த இரண்டு வரிசையின் பழத்தை வெறுந்தரையில் கொட்டாமல் தார்ப்பாயில் காயவைத்து, பூஞ்சை பிடிக்காத வத்தலாக எடுத்தோம்.

தையில் நெல் அறுத்தோம். தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் குழியடிச்சான்தான் நிமிர்ந்து நின்றது. மேட்டில் அண்ணா 4 முந்தியது.

எந்தப் பாடத்திலும் எழாத அளவு பேச்சு எழுந்தது பட்டா வகுப்பில். ஒவ்வொரு மாணவியும் வீட்டு நிலத்தின் பட்டாவையும், பயிர் விவரம் பதியும் அடங்கலையும் வாங்கி வந்து படிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். களை எடுப்பதும் பழம் எடுப்பதும் அம்மா. காகிதத்தில் இருப்பது தாத்தாவின் பெயர், சில வீடுகளில் இறந்து பல ஆண்டுகள் ஆன தாத்தாவின் பெயர். அம்மாவின் பெயரில் பட்டா கொண்டு வந்த பிள்ளைகள் மிகச் சிலரே. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்ததையும், நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்ததையும் சொன்னபோது வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. சில தந்தையர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நிலத்தைப் பற்றிய கல்வியில் நிலம் யாருடையது என்ற பாடம் இல்லாமல் போகாது.

வேறு இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் தேடிப் படித்தோம். 1937 வார்தா மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி, சௌந்தரம் அம்மையார் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் என்ற கிராமப்புறக் கல்வி நிறுவனம் ஆகியவை பற்றி வாசிப்பு வட்டத்தில் பேசினோம். பராகுவே நாட்டில் ம்பரகாயு காட்டுப் பகுதியில் 2009-இல் கிராமத்துப் பெண்களுக்கென்றே தொடங்கிய உறைவிடப் பள்ளியைப் பற்றிப் படித்தபோது, கடல் கடந்த ஊரிலும் இதே கவலையா என்று பிள்ளைகள் வியந்தார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவிகளில் ஒருத்தி தவிர அனைவரும் இந்த மார்ச்சில் தேர்வு எழுதினார்கள். பழம் எடுப்பு நாட்களில் வீடுகள் முறை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்கு மற்ற வீட்டுப் பெரியவர்கள் உதவியதால்தான் இது முடிந்தது. அந்த ஒருத்தி தை மாதமே பெற்றோருடன் செங்கல் சூளை வேலைக்கு வெளி மாவட்டம் சென்றுவிட்டாள். இருமுறை தொலைபேசியில் பேசினோம், அழைத்துவர முடியவில்லை. அவளுடைய மழைப் பதிவேடு கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது. தனித் தேர்வராக எழுத வைக்கும் முயற்சி தொடர்கிறது. அவள் தங்குவதற்கு ஓர் உறவினர் வீடு கிடைத்தால் சங்கம் பொறுப்பேற்கும்.

மேல்நிலையில் வேளாண் தொழிற்பிரிவு எடுக்க இருவர் விரும்புகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை, மீன்வளம், கால்நடை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டுள்ளதையும், கல்லூரி சென்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதையும் பெற்றோர் தயவுசெய்து கவனிக்க வேண்டும். செலவைக் காரணம் காட்டி யாரும் மகளை நிறுத்த வேண்டாம். முதலில் சங்கத்திடம் வாருங்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று காரியங்கள் அவசரம். கொட்டகை அருகே தண்ணீர் வசதியோடு கழிப்பறை. அது இல்லாததால் பெரிய பிள்ளைகள் சில சனிக்கிழமைகளில் வரவில்லை, அதைச் சொல்லவும் கூச்சப்பட்டார்கள். குத்தகை நிலத்தின் கீழ்ப்பகுதியில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, அந்தத் தரிசில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழ வேண்டும். மூன்றாவதாக, கடற்கரைத் தெருப் பிள்ளைகளுக்குக் கடற்பாசி வளர்ப்பைப் பாடமாக்க வேண்டும். மூங்கில் மிதவையில் 45 நாளில் ஒரு சுற்று. எடை, வளர்ச்சி வீதம், கடல்நீரின் உப்பு என்று கணக்குக்குக் குறைவே இல்லை.

கூலியைப் பாதியாகக் குறைத்து உழுது கொடுத்த டிராக்டர் ஓட்டுநருக்கும், எருவுக்காக நிலத்தில் ஆட்டுக் கிடை போட்டுத் தந்த ஆட்டுக்காரர்களுக்கும், சனிக்கிழமை தவறாமல் வந்து பாடம் சொன்ன ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவருக்கும், கேள்வி கேட்டு எங்களை நெறிப்படுத்திய மூத்த உறுப்பினருக்கும் சங்கத்தின் நன்றி.

கூட்டம் முடிந்ததும் வாசலருகே மேசையில் மாணவிகள் விதை நெல்லுடன் இருப்பார்கள். சித்திரைக்கார், குழியடிச்சான் இரண்டும் உண்டு. முளைப்பு அளவு சீட்டில் எழுதியிருக்கிறது. வேண்டியவர்கள் பேரேட்டில் ஒப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம். வாங்கியதில் இரண்டு மடங்கை வரும் தையில் திருப்பித் தர வேண்டும். கணக்கை அவர்களே வைத்திருக்கிறார்கள்.

செயலாளர்