மாத்தோசின்யோஸில் நீ திருப்பி அனுப்பிய ரொட்டி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. சித்தப்பா வீட்டு விசேஷம் நல்லபடியாக முடிந்தது. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் துறைமுகம் ஓய்ந்து கிடக்கிறது. படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த வழியாக நடக்கும்போதெல்லாம், சென்ற செப்டம்பரில் நீ என்னை அழைத்துச்சென்ற மீன் உணவகத்தின் நினைவே வருகிறது.

போர்ச்சுகலில் போர்த்தோ நகரை ஒட்டிய அந்த மாத்தோசின்யோஸ் ஊரில், எரோயிஸ் தி பிரான்சா தெருவின் ஓரத்திலேயே கரியடுப்பு மூட்டி மீன் சுடுவதையும், உள்ளே ஐஸ்மேல் அடுக்கிய மீன்களில் நாம் கைகாட்டியதை எடுத்து நிறுத்து, கிலோ கணக்கில் விலை சொல்லி, கல்லுப்பைத் தூவி நெருப்பில் வைப்பதையும் பார்த்தபோது, இடையில் விட்டுப்போன எட்டு மாதம் நீங்கலாக 31 ஆண்டுகள் ஏலம் கூறிய எனக்கு அது அயல்நாடாகவே தோன்றவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்க அவர்கள் என்னை அனுமதித்தார்கள். இரத்தச் சிவப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏலம் என்ற சொல்லே அவர்களுடைய ‘லெய்லாவ்’ என்பதிலிருந்து நமக்கு வந்தது என்று நீ சொன்னாய். பரிமாற வந்தவர் ‘மேசா’ என்றபோது, நம் வீட்டு மேசையைத்தான் சொல்கிறார் என்று எனக்கே விளங்கியது. நீ அவரோடு அவர் மொழியில் தடையின்றிப் பேசியதைக் கேட்டு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை அன்று நான் சொல்லவில்லை.

ஆனால் நீ முதலில் கைகாட்டியது ரோபாலோ; நம் கொடுவாயைப் போன்ற மீன். தராசு ஒரு கிலோ இருநூறு கிராம் காட்டியதும் அதை வைத்துவிடச் சொல்லிவிட்டுச் சாளை கேட்டாய். சாளையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜூன் 24, புனித யோவான் திருநாளில், சாளையின் நெய் ரொட்டியில் சொட்டும் என்று அவர்களே பழமொழி சொல்கிறார்கள் அல்லவா? செப்டம்பரிலும் அது நெய்ச்சாளையாகத்தான் இருந்தது. அவித்த உருளைக்கிழங்கோடும் சுட்ட குடைமிளகாயோடும் நான் நான்கு மீன் தின்றேன். நீ இரண்டோடு நிறுத்தி, பகலில் அதிகம் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாய். நேரத்துக்குச் சாப்பிடு, மகனே.

கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டியையும் ஒலிவக் காய்களையும் நான் தொடுமுன் நீ திருப்பி அனுப்பினாய். தொடாவிட்டால் அதற்குக் காசு இல்லை என்று விளக்கினாய். அந்த ஊர் வழக்கம் எனக்குப் புரிந்தது. உன் கை ஏன் அவ்வளவு விரைந்தது என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

உணவுக்குப் பிறகு கடற்கரைக்கு நடந்தோம். 1947 டிசம்பரில் நான்கு படகுகள் மூழ்கி 152 மீனவர்கள் மாண்டதற்காக, கடலைப் பார்த்துக் கதறும் பெண்களின் சிலைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். அதன் அருகில் நின்று ஏதோ சொல்லத் தொடங்கினாய். பிறகு காற்று அதிகம், போகலாம் என்றாய். நானும் கேட்கவில்லை. இப்போது இரண்டு மாதமாக ‘நலம்’ என்ற ஒரு சொல் மட்டும் கைப்பேசியில் வருகிறது. பெற்றவர்களுக்கு ஒரு சொல் போதும் என்று எப்படி நினைத்தாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றுதான் அம்மா தினமும் கேட்கிறாள்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ பத்தாம் வகுப்பு படித்த ஆண்டில், அந்த விசைப்படகுக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, கைப்பணத்தையும் ஏல வேலையையும் ஒன்றாக இழந்தேன். எட்டு மாதம், காலையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவனைப்போல் புறப்பட்டுப் போய் வலைக்கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் பள்ளிச் சீருடையோடு வந்து நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை மட்டும் அசைத்தேன். சொல்லாதே என்று அதற்குப் பொருள் என்பது உனக்கு உடனே புரிந்துவிட்டது. நீ இன்றுவரை சொல்லவில்லை. அதை உன் நல்ல குணம் என்று இத்தனை ஆண்டுகள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மறைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்பது, திரும்பிப்போன அந்த ரொட்டித் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

சீட்டுப் பணம் வந்தது. உன் கணக்கில் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. யோவான் திருநாள் இரவில் அந்தத் தெருவுக்கே போய், ரொட்டியையும் வைத்துக்கொண்டு வயிறார உண். ஞாயிறு இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியின் அருகில் இருப்பேன். உள்ளதை உள்ளபடி சொல். எதுவாயினும் நான் கோபப்படமாட்டேன்.

அந்த எட்டு மாதத்தைப் பற்றி நேற்றிரவு அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, நீ கடைசியாக எங்களோடு பேசியது எந்தத் தேதி என்று கேட்டாள்.

அன்புடன்,
அப்பா