பழத்தோட்டத்தை விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) உங்கள் அப்பா வைத்த டுசுனை, அந்தப் பழத்தோட்டத்தை, அப்படியே போட்டுவிட்டு, கிள்ளான், கோலாலம்பூர் என்று குடியேறிவிட்ட தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

"சும்மா கிடந்தால் காடாகும், பூச்சி பறவைக்கு நல்லதுதானே அண்ணே" என்று தீபாவளிக்கு வந்த உங்களில் ஒருவர் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவன் ஆகையால் மீதியையும் பார்க்க நேர்ந்தது.

வெட்டாத நிலத்தில் செலாபுட் துங்குல் கொடி படர்ந்து ரம்புத்தான் மரங்களை மூடிவிட்டது. கீழே வெயில் இல்லை. சிறு பூச்செடிகளும் இல்லை. புழுக்களின் உடம்பில் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் பொடிக் குளவிகளுக்கு அந்தப் பூத்தேன்தான் சாப்பாடு. வலை கட்ட இடைவெளி தேடும் சிலந்திக்கும் இடமில்லை. இலைகளைப் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள், மரம் பட்டதும் போய்விட்டன. அவற்றிடம் கடிபட்டு அலறியவர்கள்தான் நாம். ஆனாலும் மரத்துக்குக் காவல் அவையே. பெருகியது பழ ஈ மட்டும். பறிக்காமல் அழுகும் உங்கள் கொய்யாவில் பிறந்து என் கொய்யாவுக்கு வருகிறது.

விற்றுவிடலாம், வாங்குபவர்கள் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடுவார்கள் என்கிறீர்கள். 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அந்தக் காலத்தில் செம்பனைக்கு மகரந்தம் சேர்க்கப் பூச்சி போதாமல், மகரந்தப் பொடியைக் கையால் பூவில் ஊதும் வேலைக்கு என் அம்மா நாள் கூலிக்குப் போனார். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. பூச்சி இல்லாவிட்டால் அதன் வேலை யார் தலையில் விழும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஆண்டுக்கு இரண்டு முறை பாராங் கத்தியால் கொடியை அறுக்க வேண்டும். களைக்கொல்லி வேண்டாம். ஓரத்துப் பூச்செடிகளையும், கெலுலுட் என்ற கொட்டாத தேனீ குடியிருக்கும் அந்தப் பொந்து மரத்தையும் விட்டுவிட வேண்டும். வர முடியாதவர்கள் விளைச்சலில் பங்கு பேசி ஊரில் இருப்பவர்களிடம் ஒப்படையுங்கள். எனக்கும் இன்னும் கை ஓடுகிறது.

வாசல் கேட் சாவியைத் தேடாதீர்கள். வேலி எப்போதோ விழுந்துவிட்டது.

இப்படிக்கு,
பக்கத்து டுசுன்காரன்