நார் 35 என்றால் எந்த நார்?

ஆசிரியருக்கு,

மாதவரம், செங்குன்றம் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் தீவனத்தைச் சோதனைக்குக் கொடுத்தால், கையில் வரும் தாளில் பல நேரம் ‘கச்சா நார்’ என்ற ஒரே எண்தான் இருக்கிறது. மாதிரியை அமிலத்தில் ஒரு முறை, காரத்தில் ஒரு முறை கொதிக்கவைத்து மிஞ்சுவதை நிறுக்கும் 19ஆம் நூற்றாண்டு முறை அது. செடியின் செல் சுவரில் உள்ள நார்ப்பொருள்களான ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியையும், தண்டைக் கெட்டியாக்கும் லிக்னினில் ஒரு பகுதியையும் காரம் கரைத்துவிடும். அதனால் வைக்கோலுக்கு 35 விழுக்காடு என்று வரும். அதே வைக்கோலை 1960களில் அமெரிக்க விஞ்ஞானி வான் சோஸ்ட் வகுத்த நடுநிலை டிடர்ஜென்ட் முறையில் பார்த்தால், அதில் கரையாமல் மிஞ்சும் நார், அதாவது என்.டி.எஃப்., 70-ஐ ஒட்டி நிற்கும். பாதி நார் கணக்கிலேயே வரவில்லை!

மாடு எவ்வளவு தின்னும் என்பதை மதிப்பிட உதவுவது என்.டி.எஃப்.தான். உடல் எடையில் சுமார் 1.2 விழுக்காடு என்.டி.எஃப். உள்ளே போனதும் வயிறு நிறைந்துவிடும். 400 கிலோ மாட்டுக்கு 4.8 கிலோ. என்.டி.எஃப். 60 உள்ள இளம் புல் என்றால் உலர்பொருளாக (ஈரம் போக மிஞ்சும் எடையில்) 8 கிலோ தின்னும். 70 என்றால் 7 கிலோகூடத் தேறாது. கம்பு நேப்பியர் தீவனப் புல்லை முற்றவிட்டு அறுத்தால் பால் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

என்.டி.எஃப். சோதனை இதுதான்: 1 மி.மீ. சல்லடையில் அரைத்த தூள் அரை கிராம், நடுநிலை டிடர்ஜென்ட் கரைசல் 100 மி.லி., ஒரு மணி நேரக் கொதி. சூடாகவே வடிகட்டி, கொதிநீரிலும் அசிட்டோனிலும் கழுவி, 105 டிகிரியில் உலர்த்தி நிறுக்க வேண்டும். மாவுச்சத்துள்ள மக்காச்சோளத் தீவனத்துக்கு மாவுச்சத்தைக் கரைக்கும், வெப்பம் தாங்கும் அமைலேஸ் நொதி சேர்க்காவிட்டால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், எண்ணும் ஏறும். தூளாக்குமுன் மாதிரியை 60 டிகிரியைத் தாண்டி உலர்த்தக் கூடாது. கருகும் புரதமும் சர்க்கரையும் லிக்னின் வேஷம் போடும். சென்னைக் காற்றின் ஈரம் தனித் தொல்லை. அடுப்பிலிருந்து எடுத்த மூசையை (நார் மிஞ்சிய வடிகட்டிக் கிண்ணத்தை) ஈரம் புகாத டெசிகேட்டர் பெட்டியில் ஆறவைக்காமல் மேசையில் விட்டு, 10 மில்லிகிராம் ஈரம் ஏறினால் விடை 2 புள்ளி பிசகும்.

மாடு வளர்ப்போர் பக்கத்துத் தவறும் உண்டு. பச்சைப் புல்லை பாலித்தீன் பையில் கட்டி, வெயிலில் பைக்கில் கொண்டுவந்தால் வழியிலேயே சர்க்கரை புளித்துப்போய் நார் விகிதம் கூடிவிடும். நுனியை மட்டும் கிள்ளிக் கொடுத்தால் குறைத்துக் காட்டும். பல கட்டுகளிலிருந்து தண்டும் இலையுமாக எடுத்து, நறுக்கிக் கலந்து, அரைக் கிலோவை அன்றே ஒப்படைப்பது நல்லது.

ஆய்வகங்கள் தாளில் மூன்று விவரங்களையாவது அச்சிட வேண்டும்: எந்த முறை, நாரோடு மிஞ்சும் சாம்பல் கழித்ததா, எண் உலர்பொருளுக்கா பச்சை எடைக்கா. உலர்பொருள் 20 விழுக்காடே உள்ள புல்லில், 65 என்ற அதே நார் பச்சை எடைக்கு 13 ஆகிவிடும்.

தீவன ஆய்வக வேதியியலர்,
சென்னை